கைப்பேசியில் எது, கணினியில் எது?

பயிற்சி வகுப்புகளின் தேநீர் இடைவேளையில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சார், லேப்டாப் ஒன்னு வாங்கலாமா, இல்ல இருக்கிற போனே போதுமா?" நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். பள்ளியின் ஹைடெக் லேபையும் கவனித்துக்கொள்வதால், சார்ஜ் ஏறாத போன் முதல் படம் தெரியாத புரொஜெக்டர் வரை எதுவானாலும் என்னிடம் கொண்டுவந்துவிடுவார்கள். "எந்த வேலைக்கு என்று சொல்லுங்கள்" என்பேன். "எல்லாத்துக்கும்தான் சார்" என்று பதில் வரும். அந்த 'எல்லாத்துக்கும்' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு நாளில் நாம் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். காலையில் வருகைப் பதிவு. முதல் பாடவேளையில் பாடநூலின் கியூஆர் குறியீட்டைத் திறந்து ஒரு காணொலி. இடையில் வாட்ஸ்அப் குழுவில் கேட்ட விவரத்துக்குப் பதில். மதியம் எமிஸில் ஒரு மாணவரின் தகவலில் திருத்தம். மாலையில் வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், உதவித்தொகைப் பட்டியல். இவை அத்தனையையும் இன்று ஒரே கைப்பேசியில், ஒரே கட்டைவிரலால் செய்துவிட முடியும். முடிகிறது என்பதாலேயே செய்துகொண்டும் இருக்கிறோம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. ஒரு நேரத்தில் ஒரு தகவலை மட்டும் பார்த்தால் போதும் என்ற வேலைக்கும், நின்றபடி நடந்தபடி செய்ய வேண்டிய வேலைக்கும் கைப்பேசி. பல தகவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டிய வேலை, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய வேலை, தவறினால் ஒரு குழந்தைக்கு இழப்பு வரும் வேலை ஆகியவற்றுக்கு உட்கார்ந்து பெரிய திரையில் பார்க்கும் கணினி. மடிக்கணினியும் இந்த இரண்டாம் வகையில்தான் சேரும்.

கைப்பேசியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகும்போது மேசைக் கணினியையா தூக்கிக்கொண்டு போக முடியும்? இடைநின்ற மாணவரின் வீட்டு வாசலில் நின்று, பெற்றோர் சொல்வதை அங்கேயே பதிவதற்கு அதைவிட்டால் வழியில்லை. வருகைப் பதிவும் அப்படித்தான். வகுப்பறையில், முகங்களைப் பார்த்தபடி செய்ய வேண்டியது. ஒரு சான்றிதழை ஸ்கேன் செய்ய முன்பெல்லாம் டவுனுக்குப் போனோம். இப்போது போன் கேமராவே ஓரங்களை நேராக்கிப் பிடிஎஃப் ஆக்கித் தருகிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒரு பத்தி வாசிப்பதை ஜூலையில் ஒலிப்பதிவு செய்து, அதே பத்தியை நவம்பரில் வாசிக்கச் சொல்லி இரண்டையும் போட்டுக் கேட்கும் ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். எந்த மதிப்பீட்டுப் படிவமும் சொல்லாததை அந்த இரண்டு நிமிடங்கள் சொல்லிவிடும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு வழங்கியுள்ள கைக்கணினி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐந்தாறு குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் காட்டுவதற்கும், மதிப்பீட்டு விவரங்களைப் பதிவதற்கும் நல்லது. நீளமாக எதையாவது எழுதத் தொடங்கினால் அதுவும் பெரிய கைப்பேசிதான். மதிப்பெண் எண்களை நிறைய உள்ளிட வேண்டியிருந்தால், ஒரு சிறு ஓடிஜி இணைப்பான் வாங்கி, பள்ளியில் சும்மா கிடக்கும் பழைய யூஎஸ்பி விசைப்பலகையை அதில் செருகிப் பாருங்கள். வேகம் கூடும்.

இனிக் கணக்கு ஆசிரியராக ஒரு சிறு கணக்கு. கைப்பேசித் திரை 6.5 அங்குலம், சாதாரண மேசைக் கணினித் திரை 18.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இவை மூலைவிட்ட அளவுகள். மூன்று மடங்குகூட இல்லை. பரப்பளவைப் பாருங்கள். நீளமும் அகலமும் 20:9 விகிதத்தில் இருக்கும் கைப்பேசியில் சுமார் 16 சதுர அங்குலம். 16:9 விகிதத்தில் இருக்கும் கணினியில் சுமார் 146. ஒன்பது மடங்கு! பிதாகரஸ் தேற்றம் நடத்தும்போது இதையே பயிற்சிக் கணக்காகக் கொடுக்கலாம். பிள்ளைகள் ஆர்வமாகப் போடுகிறார்கள். அந்த 16 சதுர அங்குலத்திலும், தட்டச்சு செய்யத் தொடங்கியவுடன் விசைப்பலகை எழுந்து வந்து கணிசமான பகுதியை மறைத்துக்கொள்ளும்.

இந்த ஒன்பது மடங்கு எங்கே முக்கியமாகிறது? பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலில். நாற்பது மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், முதலெழுத்து, பெற்றோர் பெயர், பிறந்த தேதி, இனம், இன்னும் சில. கைப்பேசியில் இந்தப் பட்டியலைத் திறந்தால் பெயர் தெரியும். பிறந்த தேதியைப் பார்க்க வலப்பக்கம் தள்ளினால் பெயர் மறைந்துவிடும். இது யாருடைய தேதி என்று மறுபடி இடப்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். நாற்பது முறை இப்படித் தள்ளினால், இருபதாவது மாணவருக்கு மேல் நம் கண் பார்ப்பதில்லை, பார்த்ததாக நினைத்துக்கொள்கிறது. கணினியில் பெயர்ப் பத்தியை நகராமல் நிறுத்திவைத்துவிட்டு ஒரு முழு வரியையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் பிறகு கல்லூரிக்கும், கடவுச்சீட்டுக்கும், அரசுப் பணிக்கும் ஆதாரமாகக் கேட்கப்படுகின்றன. காவியா, காவ்யா ஆகிய இரண்டும் நமக்கு ஒரே பெண். விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறவருக்கு இரண்டு பேர். முதலெழுத்து மாறிப்போன சான்றிதழோடு எங்கள் பள்ளிக்கு வந்த பழைய மாணவர் ஒருவரின் தந்தை, கட்டட வேலைக்குப் போகிறவர். திருத்தத்துக்காக அவர் அலைந்த நாள்கள் ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி. பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் எங்கள் பள்ளியில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசிப்பார், மற்றொருவர் கணினித் திரையைப் பார்ப்பார். பிறகு அச்செடுத்து மாணவரிடமும் பெற்றோரிடமும் கையொப்பம். நாற்பது பேருக்கு இரண்டு பாடவேளை பிடிக்கிறது.

கைப்பேசியில் இன்னொரு தொல்லை, அது நமக்கு உதவ நினைப்பது. 'பிரியதர்சினி' என்று நாம் தட்டினால் 'பிரியதர்ஷினி' என்று அதுவாக மாற்றிவைக்கும். கடிதம் எழுதும்போது வரவேற்கத்தக்க வசதிதான். பெயர்ப் பட்டியலுக்கு ஆகாது. குரல்வழித் தட்டச்சும் அப்படியே: ஒரு பத்தியைச் சொல்லி எழுதவைக்க அருமையான கருவி, 'ண'வா 'ன'வா என்று கேட்டு எழுத அதற்குத் தெரியாது.

எக்செல் என்ன செய்கிறது?

பட்டியல் வேலையில் நம்மில் பலர் கவனிக்காத சில விஷயங்களை இங்கே சொல்ல வேண்டும். எக்செல் கைப்பேசியிலும் இருக்கிறது, கணினியிலும் இருக்கிறது. அதன் குணம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் அந்தக் குணத்தைக் கண்டுபிடிக்கவும் கட்டுப்படுத்தவும் கணினியில்தான் வசதி.

வங்கிக் கணக்கு எண்ணை எடுத்துக்கொள்வோம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அதை நேரடியாக உள்ளிட்டால் பதினாறாவது இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அந்தப் பட்டியல் அப்படியே மேலே போனால், ஒரு மாணவியின் உதவித்தொகை அவள் கணக்குக்கு வந்து சேராது. ஏன் வரவில்லை என்று அவள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தெரியாது. சுழியத்தில் தொடங்கும் எண்ணானால் முன்னால் உள்ள சுழியம் மறைந்துவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை உள்ளிட்டால் புள்ளியும் 'இ' குறியும் கலந்த அறிவியல் குறியீட்டு வடிவில் காட்டும். அப்போதும் எண் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து மூடிவிட்டால் எண் உண்மையிலேயே போய்விடும். மறுபடி பெற முடியாது.

தீர்வு ஒரு நிமிட வேலை. எண்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். நாம் கூட்டவோ பெருக்கவோ போகாத எண் எதுவும் கணிதத்தில் எண்ணே அல்ல, பெயர்தான். அலைபேசி எண், ஆதார் எண், கணக்கு எண், தேர்வு எண் எல்லாம் இந்த வகை. உள்ளிட்ட பிறகு வகையை மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

பிறந்த தேதி இதைவிட நுட்பமானது. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், நாம் ஜூன் 5 என்று நினைத்து உள்ளிடும் 05/06/2010 என்பதை அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2010 என்பதைத் தேதியாகவே ஏற்காது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆக 12-ஆம் தேதிக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், மற்றவர்களுக்குச் சரியாகத் தோன்றும். கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. நாம் எந்த மாற்றமும் செய்யாத பத்தியில் எக்செல் தேதியாக ஏற்றவை வலப்பக்கம் ஒட்டியும், எழுத்தாக வைத்தவை இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். ஒரே பத்தியில் சில வலமும் சில இடமுமாக நின்றால் உடனே அமைப்பைச் சரிபாருங்கள். இதைப் பெரிய திரையில் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். கைப்பேசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டும்.

தமிழில் தட்டச்சு

வினாத்தாள் தயாரிப்பில் கைப்பேசிக்கும் கணினிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவிப்பது நம் தமிழ்தான். கணினியில் பாமினியிலோ வானவில்லிலோ அழகாக அடித்த வினாத்தாளைச் சக ஆசிரியருக்கு அனுப்புகிறோம். அவர் கைப்பேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகத் தெரிகின்றன. காரணம் இதுதான்: பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துக் காட்டுபவை. கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனக்கே உரிய எண் இருப்பதால் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. இன்னும் பாமினியில் அடித்துக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் விரல் பழக்கத்தால் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தின் அருமை எனக்கும் தெரியும். அதை விட முடியாதவர்கள் அனுப்பும்போதாவது பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பலாம். தேடலிலும் நகலெடுப்பதிலும் சிக்கல் தொடரும், படிக்கவாவது முடியும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுவது நல்லது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்ததால் அந்தப் பெயர். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டல்: அ, ம, ம, ஆ. நடுவில் உள்ள புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி. 'ங்க', 'ந்த', 'ம்ப' போன்ற இணைகளிலும் அப்படியே. ஆங்கில வழியில் அடித்தால் இதே சொல்லுக்கு ஐந்து தட்டல். ஒரு சொல்லில் ஒன்று மிச்சம். நான்கு பக்க வினாத்தாளில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் இந்த விசைப்பலகையையும் தேர்ந்தெடுக்கலாம். தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

கணக்கு வினாத்தாளில் பின்னம், வர்க்கமூலம், வடிவியல் படம் எல்லாம் வரும். இதைக் கைப்பேசியில் அடிப்பவர்களின் பொறுமையை நான் மெச்சுகிறேன். அவர்களின் கழுத்தை நினைத்துத்தான் கவலை. நாற்பதைத் தாண்டிய நமக்கு வெள்ளெழுத்து தொடங்கியிருக்கும். சிறிய திரையைத் தள்ளிப் பிடித்தால் எழுத்து தெரியாது, கிட்டே பிடித்தால் மங்கும். கணினியிலும் கண் களைக்கும் என்பது உண்மை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். நம் பள்ளிகளில் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருக்கிறது, கவலையில்லை.

அடுத்தது, மாணவர் விவரங்கள் தங்கும் இடம். நம் சொந்தக் கைப்பேசியில் எத்தனை பிள்ளைகளின் ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகப் படங்கள் இருக்கின்றன என்று இன்றைக்கே கேலரியைத் திறந்து பாருங்கள். அதே போனை வீட்டில் குழந்தை விளையாட வாங்கும். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது கடைக்காரர் கைக்குப் போகும். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. நம் மாணவர்களில் அநேகமாக எல்லாரும் அதில் அடங்குவர். பதிவேற்றம் முடிந்ததும் படங்களை அழித்துவிடுவதும், தேவையானவற்றைக் கடவுச்சொல் போட்ட பள்ளிக் கணினிக்கு மாற்றிவிடுவதும் நல்லது. மாற்றும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே வரும். பள்ளிக் கணினியில் இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்று உண்டு. பத்துப் பேர் உட்காரும் இயந்திரத்தில் எமிஸ் கடவுச்சொல்லை உலாவியில் சேமித்துவைத்தால் அது பத்துப் பேரின் கடவுச்சொல். வேலை முடிந்ததும் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

சரி, லேப்டாப் வாங்கலாமா? வாங்கும் முன் பள்ளியிலும் வீட்டிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் ஒன்று பல ஆசிரியர்கள் வீட்டிலேயே, பிள்ளைகள் படித்து முடித்தபின் பீரோ மேல் கிடக்கிறது. பழைய கணினி மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதன் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராம் நினைவகத்தையும் கூட்டினால் புதிய கணினியின் விலையில் சிறு பகுதிச் செலவில் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். கைப்பேசியில் இப்படி உறுப்பு மாற்ற வழியில்லை. பள்ளிக் கணினியானால் தலைமையாசிரியர் அனுமதியும் இருப்புப் பதிவேட்டில் பதிவும் அவசியம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்துவிட்டதையும் கணக்கில் கொள்ளுங்கள். விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரத்தில் லினக்ஸும் லிபரே ஆஃபிசும் போட்டால் வினாத்தாளுக்கும் பட்டியலுக்கும் போதுமானது, காசும் இல்லை. மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் மேசைக் கணினியைவிடப் பேட்டரி உள்ள மடிக்கணினி பொருத்தம். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு வாங்க வேண்டிய தேவைகூட இல்லை. ஹைடெக் லேபில் கணினிகள் இருக்கின்றன. தூசி படக் கூடாதென்று துணி போர்த்தி, கதவைப் பூட்டி, சாவியைப் பீரோவில் வைத்து, அந்தப் பீரோவையும் பூட்டிவைக்கும் பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயம் புரிகிறது. ஆனால் அடுத்த அறையில் பெரிய திரை உறங்கும்போது ஓர் ஆசிரியை பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் மதிப்பெண் ஏற்றுவது சரியில்லை. எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கென்று இரண்டு கணினிகளை ஒதுக்கி, மாலை 4.10 முதல் 5 மணி வரை திறந்துவைக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். ஒரு நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு யாரும் உட்காரலாம்.

மாணவர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கைப்பேசியில் காணொலியை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துவிடுவார்கள். அதே பிள்ளைகள் மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி திரையை விட்டு ஓடுகிறது. ஒரு கோப்பைச் சேமித்துவிட்டு அது எங்கே போனது என்று கேட்டால் விழிக்கிறார்கள், ஏனென்றால் கைப்பேசியில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. பொறியியலுக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வு இன்று கணினியில்தான் நடக்கிறது. வேறு பல நுழைவுத் தேர்வுகளும் அப்படி மாறிவருகின்றன. கணக்கு தெரிந்த பிள்ளை மவுஸ் தெரியாததால் நேரத்தை இழக்கக் கூடாது.

அதனால் வாரம் ஒரு பாடவேளை, இணையம் இல்லாமலே, இருவருக்கு ஒரு கணினி என்று உட்காரவைக்கிறேன். ஒருவர் தமிழ்99-இல் விடுப்பு விண்ணப்பம் அடிக்க, மற்றவர் எழுத்துப் பிழை பார்ப்பார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். தங்கள் பெயரில் ஒரு கோப்புறை திறந்து அதில் சேமித்து, மறுவாரம் வந்து அதைத் தாங்களே தேடி எடுக்க வேண்டும். முதல் வாரம் பாதிப் பேருக்குக் கோப்பு கிடைக்கவில்லை. மூன்றாம் வாரம் எல்லாருக்கும் கிடைத்தது, ஒருவனைத் தவிர. அவன் கோப்புக்கு நண்பன் பெயரை வைத்திருந்தான்.